டோனட் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. தரை துடைக்கச் சேர்ந்தவள்தான். வாய் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்ததும் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு என்னை ஆட்களோடு விட்டுவிட்டார்கள். வருகிறவர்களைத் தயார் செய்து உள்ளே அனுப்புவது இப்போது என் பொறுப்பு. நகையைக் கழற்ற வைக்க வேண்டும், ஊக்கு, கொக்கி எதுவும் இல்லாத அங்கியை மாற்றிவிட வேண்டும், பயத்தையும் போக்க வேண்டும். முதல் இரண்டும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

பயம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும். குழாய்க்குள் படுக்க வைத்து மூடிவிடுவார்கள் என்று யாரோ யாரிடமோ சொல்லியிருப்பார்கள். அது வேறு மெஷின். எங்களிடம் இருப்பது சி.டி. ஸ்கேன், நடுவில் ஓட்டை விட்ட பெரிய வெள்ளை வளையம். வளையம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கையில் எடுத்துப் பார்த்த ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டால்தான் மனசு ஒப்பும். முதலில் மெதுவடை என்று சொல்லிப் பார்த்தேன். குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு சார், ரிட்டயர்டு ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தார்.

"காலைலேந்து பச்சத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு உக்கார வெச்சிருக்கீங்க. இப்ப வந்து வடைங்கறீங்களே, நியாயமாம்மா?"

அவர் கேட்டது சரிதான். அன்றோடு வடையை விட்டேன்.

மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன் சார் அதை டோனட் என்பார். "அக்கா, டோனட்ட தொடச்சாச்சா? அடுத்த ஆள அனுப்பலாமா?" என்பார். படிக்கும்போதே அப்படித்தான் சொல்லிப் பழகினார்களாம். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. "டோனட் மாதிரிம்மா. இந்தப் பக்கமும் தொறந்திருக்கும், அந்தப் பக்கமும் தொறந்திருக்கும். நீங்க சும்மா படுத்தா போதும், பலகையே உங்கள உள்ள கூட்டிட்டுப் போயிக் கூட்டியாந்துடும்" என்பேன். சின்ன வயசுக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். பெரியவர்கள் அது என்ன என்று கேட்பார்கள், பேக்கரி பண்டம் என்பேன். பேக்கரியில் இருக்கிற எதுவும் ஆளைக் கொல்லாது என்று ஒரு நம்பிக்கை, முகம் தெளிந்துவிடும். காட்டாங்குளத்தூர் காலேஜில் படிக்கிற ஒரு பெண் மட்டும் அங்கியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க டோனட் சாப்பிட்டிருக்கீங்களா?"

சாப்பிட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. ஒரு வருஷமாக அதைச் சொல்லி எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை இழுத்து அடக்க வேண்டும். மெஷினே அதைச் சொல்லும். வந்த புதிதில் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் சொன்னது. வண்டலூர் பக்கத்து ஆட்கள் மேலே பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்கள், படம் கலங்கிவிடும். "அக்கா, உங்க வாய்தான் நல்ல வாய், நீங்களே பேசிடுங்க" என்று டெக்னீஷியன் சார் என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தார். "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே அடக்குங்க. இப்ப விடலாம்." மூன்றே வரி. அன்றிலிருந்து நான் வரவேற்பில் நின்று யாருக்காவது பில் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கதவுக்குப் பின்னால் என் குரல் வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நகரத்துக்குள் ஆற்றோரம் குடிசையில் இருந்தவர்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து விட்டபோது, அக்காவும் மாமாவும் மகளும் ஐந்தாவது மாடிக்கு வந்தார்கள். மாமா லோடு ஆட்டோ ஓட்டினார். அக்கா மேடவாக்கத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் அங்கேதான். அக்காவின் பேச்சைக் கேட்கப் போவேன் என்பதுதான் உண்மை. ஜனங்கள் வாயில் விழுகிற பேச்சைப் பழைய அப்பாயின்ட்மென்ட் டைரியின் பின்பக்கத்தில் எழுதிவைப்பது எனக்குப் பழக்கம். அந்த டைரியில் பாதி அக்கா பேசியது.

அக்காவின் மகள் காட்டாங்குளத்தூரில் காலேஜ் பிள்ளைகள் வருகிற பேக்கரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதமே அட்டைப் பெட்டியில் நாலு டோனட் கொண்டுவந்தாள். ஒன்றில் சாக்லேட், ஒன்றில் ரோஸ் கலரில் ஏதோ, மேலே பல நிறத்தில் சர்க்கரைப் பொடி. நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் மெஷினைக் குட்டியாக்கி வைத்தது போலவே இருந்தது.

அக்கா ஒரு கடி கடித்துவிட்டு, "இன்னாடி இது, வடைக்கு மேக்கப்பு போட்டு கல்யாணத்துக்கு அனுப்ன மாரி கீது" என்றாள்.

"அம்மா, இது ஒண்ணு எவ்ளோ டிமாண்ட் தெரியுமா? ஈவ்னிங்ல நிக்க எடம் இருக்காது" என்றாள் மகள்.

"அந்த நடுவுல எடுத்த மாவ இன்னா பண்றாங்க?"

"அது இல்லம்மா, மெஷின்லயே அப்படித்தான் வரும்."

"பாத்தியாடி," என்று அக்கா என் பக்கம் திரும்பினாள், "ஓட்டைய யாரும் துன்றதில்ல. ஆனா ஓட்ட இல்லன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அதை அன்றைக்கே எழுதிவைத்தேன். மகள் கொண்டையை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து கறுப்பு ஸ்பாஞ்ச் வளையம் ஒன்று வந்தது. கடையில் முடியை ஏற்றிக் கட்டச் சொல்கிறார்களாம், அதற்குப் பெயரும் டோனட்தானாம். அக்கா அதை வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று ஆட்டினாள். அந்த நேரம் கீழே இரண்டு பிளாக்குக்கு நடுவில் யாரோ பைக்கை ஒரே இடத்தில் சுற்றவிட்டு உறுமவைத்தான். எட்டிப் பார்த்தோம், சிமெண்டுத் தரையில் டயர் தேய்ந்து கறுப்பு வட்டம். "டோனட் போடறானுங்க சித்தி, ரீல்ஸ் எடுக்க" என்றாள் மகள்.

"போச்சுடா," என்றாள் அக்கா. "துன்றதுக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு. உன் ஆஸ்பத்திரில வேற ஒண்ணு கீதுன்ற. இந்தப் பேர வெச்சவன் பேர் வெக்க வேற பேரே கெடைக்காம பேஜாராப் பூட்டான் போல."

மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ரொம்ப நேரம் அடங்கவில்லை. அந்தச் சொல் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் வலி முதுகுக்குப் போகிறது என்றாள். பிறகு கண்ணில் மஞ்சள் ஏறியது. டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். வேறு எங்கே போவாள், என்னிடம் வந்தாள்.

தாலியைக் கழற்றச் சொன்னால் பெண்கள் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். கழுத்து வெறுமையாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்பார்கள். அதற்காகவே என் மேஜை டிராயரில் மஞ்சள் கயிறுகளில் மஞ்சள் துண்டு முடிந்து வைத்திருப்பேன். முதலில் அதைக் கட்டுவேன், அப்புறம்தான் செயினைக் கழற்றுவேன், எடுத்து முடித்ததும் செயினைப் போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பேன். இதற்காகவே எங்கள் சென்டரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அக்காவின் கழுத்தில் கயிற்றைக் கட்டும்போது அவள் தோள் எலும்பு என் விரலில் இடித்தது. எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

"டீ," என்றாள் மெதுவாக. மாமா வெளியில் நாற்காலியில் இருந்தார். "பெருசா ஏதாச்சும் இருந்தா என்கிட்ட சொல்டு."

"ஒண்ணும் இருக்காதுக்கா."

"இருந்தா சொல்டு. அவரு தாங்க மாட்டாரு, அவரு மறைப்பாரு. நீ மறைக்காத. எனக்கு ஒரு வேலை கீது. நாள் கெடந்தா மெதுவா செய்வேன். இல்லன்னா உடனே செஞ்சாவணும்."

"என்ன வேலைக்கா?"

"அத்த அப்பறம் சொல்றேன். சொல்லுவியா, மாட்டியா?"

"சரிக்கா."

அந்தச் சரியை நான் யோசித்துச் சொல்லவில்லை. பயந்தவர்கள் எது கேட்டாலும் சரி என்பது என் தொழில். கை தானாகக் கயிற்றை முடிந்தது, வாய் தானாகச் சரி என்றது. அப்புறம் வழக்கம்போல, "டோனட்தான்க்கா, நீ பாத்ததுதான். கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்" என்றேன்.

"மேல சக்கர தூவிக் கீதா?" என்று கேட்டுக்கொண்டே பலகையில் படுத்தாள்.

கையில் மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றினது போல இருக்கும், சிறுநீர் போய்விட்டதாகத் தோன்றும். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அப்படியும் உள்ளேயிருந்து கத்தினாள், "டீ, பூட்டேன்டீ! உன் டோனட்டு நாசமாப் போச்சு!" டெக்னீஷியன் சார் மெஷின் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் என் குரல் கேட்டது. மூச்ச நல்லா இழுங்க. அக்கா அதற்கு, "இழுத்துட்டேன்டி" என்று பதில் சொன்னாள். மெஷினில் பேசுவது பதிவு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அடக்குங்க. அடக்கினாள். நான் சொன்னதை அவள் அப்படியே கேட்டதை அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

டெக்னீஷியன் சார் சிரிப்பை நிறுத்திய இடம் எனக்குத் தெரியும். திரையில் எதையும் படிக்க எனக்குத் தெரியாது, அவர் முகத்தைப் படிக்கத் தெரியும்.

பெரிய நோய் என்றால் ரிப்போர்ட்டை நோயாளியிடம் கொடுக்க மாட்டார்கள். எந்தச் சென்டரிலும் அதை எழுதிவைக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடக்கும். கூட வந்தவர் ஒருவர் எழுந்து வருவார், நோயாளிக்குத் தெரியாமல் கையைக் காட்டுவார், அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டு எங்கள் சென்டர் டாக்டர் பேசுவார். நோயாளியை அந்த நேரம் பேச்சுக் கொடுத்து வெளியில் உட்காரவைப்பதும் என் வேலைதான். அதில் நான் கெட்டிக்காரி. ஊர், பிள்ளைகள், பஸ்ஸில் கூட்டம், கிளாம்பாக்கத்துக்குப் பஸ் ஸ்டாண்டு போனபின் பெருங்களத்தூரில் நிற்கிற பஸ், நிற்காத பஸ், எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாது அவர்களுக்கு.

அன்றைக்கு அக்காவோடு அப்படி உட்கார்ந்தேன். மாமா உள்ளே போனார். வெளியே வந்தவர் என்னைத் தண்ணீர் டிரம் பக்கம் கூப்பிட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கணையத்துலயாம். ஈரலுக்கும் பூட்ச்சாம். இனிமே அறுக்கக்கூட முடியாதுன்றாரு. பொங்கலுக்கு இருந்தா பெருசாம்."

நான் அக்கா பக்கம் திரும்பப் போனேன், மாமா குறுக்கே வந்து நின்றார்.

"அவகிட்ட சொல்லாதம்மா. உன் கால்ல வுழறேன். தெரிஞ்சா இன்னிக்கே சோறு துன்றத வுட்ருவா. நீர்க்கட்டின்னு சொல்டு. நீ சொன்னாத்தான் நம்புவா."

மாமா நல்ல மனுஷர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் அந்த நேரம் எனக்குப் பட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

"இன்னாடி?"

"நீர்க்கட்டிக்கா. மாத்திரையில கரைஞ்சிடும்."

"நெஜமா?"

"நெஜமாக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செயினை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். "அப்ப அந்த வேலைக்கு அவசரம் இல்ல" என்றாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். மற்றது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

கார்த்திகை முழுக்க அக்கா நன்றாகவே பேசினாள். மாத்திரை போட்டாள். மேடவாக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, "நீர்க்கட்டி கரைஞ்சதும் வந்துடறேன், வேற ஆள வெச்சிடாத" என்றாள். மார்கழியில் படுத்தாள். புரண்டு படுக்க முடியாமல் இடுப்பில் புண் வந்தது. காற்று ஊதி உட்காரவைக்கிற வளையம் இருக்கும், அதை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் உள்ளே திரும்பி, "ஒரு டோனட் குஷன் எடுங்க" என்றார். கடைப் படியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் வந்த ஒருவர், "அக்கா, கொஞ்சம் நவுறுங்க" என்ற பிறகுதான் காலை எடுத்தேன்.

அக்காவிடம் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். மகள் ஊதிக்கொண்டே சொல்லிவிட்டாள். அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "இன்னும் எத்தினி கீதுடி இதுல?" என்றாள்.

தை பிறக்கும் முன் ஒரு மத்தியானம். மகள் வேலைக்குப் போயிருந்தாள், மாமா கீழே இருந்தார். அக்கா கண்ணைத் திறந்து, "டீ, அந்த வேலை" என்று ஆரம்பித்தாள்.

அவள் அதைச் சொன்னால், இப்போதே செய்தாக வேண்டும் என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒத்துக்கொண்டால் நீர்க்கட்டி பொய்யாகிவிடும். "மூச்சு வாங்குது பாரு. பேசாம இருக்கா. உடம்பு தேறட்டும், எல்லாம் செய்யலாம்" என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். நான் சொன்னால் கேட்பாள்.

போன் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். உள்ளே யாருக்கோ ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் பெயர் திரையில் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் என் குரல், "அப்படியே அடக்குங்க" என்றது. நான் போனை எடுத்தேன். மாமாவின் அழுகைதான் கேட்டது. "இப்ப விடலாம்" என்று உள்ளே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் குரலோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மூன்று வரிக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் யாரோ "இழுத்துட்டேன்டி" என்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். டெக்னீஷியன் சாரிடம் வேறு யாரையாவது பேச வைக்கச் சொன்னேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். இரண்டு நாள் கழித்து வரவேற்புப் பெண்ணைப் பேச வைத்தார். அவள் அவசர அவசரமாகப் பேசினாள், படம் கலங்கியது. மூன்றாம் நாள் நான்தான் போய், "பழசையே போடுங்க சார்" என்றேன். ஒருவர் படம் கலங்கினால் மறுபடி மருந்து ஏற்றிப் படுக்கவைக்க வேண்டும். என் பயத்துக்காக அவர்கள் இரண்டு தரம் படுக்க முடியுமா?

டோனட் என்று சொல்வதையும் கொஞ்ச நாள் விட்டேன். மோதிரம் என்றேன், பெரிய வளையல் என்றேன். ஒரு அம்மா, "வளையல்னா கைதானே போகும், ஆள் எப்படிப் போகும்?" என்று கேட்டார். இன்னொருவர் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். பழைய சொல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சொல்லும்போது அக்கா மாதிரி யாராவது சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிடுவார்களோ என்று அவர்கள் வாயையே பார்ப்பேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் என்னை விடாமல் பிடித்தது அந்த வேலைதான். அது என்ன?

காரியம் முடிந்த வாரமே மாமாவிடம் கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அக்காவுக்கு ஏதாவது முடிக்காத வேலை இருந்ததா என்று மட்டும்.

"இருக்காதா பின்ன?" என்றார். "திருத்தணியில எனக்கு மொட்ட போடறேன்னு நேந்துக்கினா. எனக்கு ஆக்சிடெண்டு ஆன வருசம். போலாம் போலாம்னு நாந்தான் இழுத்துக்கினு இருந்தேன். அதுவாத்தான் இருக்கும்." அடுத்த கிருத்திகைக்கு நானும் கூடப் போனேன். மாமா மொட்டை போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே அழுதார்.

அடுத்த வீட்டில் இருப்பவர் அக்கா வயசுக்காரம்மா. சர்ச்சுக்குப் போகிறவர். வராந்தாவில் தண்ணீர்க் குடம் வைக்கிற சண்டையில் அக்காவும் அவரும் பேச்சை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, உங்கக்கா ஏதோ வேலை வெச்சிருந்தாளாமே? உங்க மாமா சொன்னாரு. என்னான்ட பேசணும்னுதாம்மா இருந்திருப்பா. ஒரு நாளு கதவாண்ட வந்து நின்னா. நான் பாத்துட்டு உள்ள பூட்டேன். பாவி நான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை என்றேன். இருந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேடவாக்கத்து வீட்டுக்காரம்மா, தன் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு வந்து கூட இருப்பதாக அக்கா சொல்லியிருந்ததுதான் அந்த வேலை என்றார். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். யாரைக் கேட்டாலும் அவரவருக்குச் சேர வேண்டிய ஒன்றைச் சொன்னார்கள். பொய் இல்லை. அக்கா கடைசியாக நினைத்தது தன்னை என்று இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஒரு ஆசை. இப்போது அந்த ஐந்தாவது மாடியில் யாரைப் பார்த்தாலும், "இன்னா, தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்கிறார்கள். அக்கா போய்விட்டாள், அவள் வேலை மட்டும் வராந்தாவில் குடியிருக்கிறது.

மகளிடம்தான் கேட்காமல் இருந்தேன். வருஷம் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு, குழம்பைக் கிளறிக்கொண்டே அவளே கேட்டாள்.

"சித்தி, அம்மாவுக்குன்னு ஒரு வேலை இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க யார்கிட்டயும் அம்மா சொல்லலையே."

அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டதை, நான் சரி என்றதை, நீர்க்கட்டி என்றதை, கடைசியில் அவள் சொல்ல வந்தபோது வாயை அடைத்ததை. மகள் அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"அப்பா சொல்ல வேணாம்னு சொன்னது எனக்குத் தெரியும். அம்மா கேட்டுச்சுன்னு தெரியாது."

"ஆமாம்மா."

"நீங்க சொல்லியிருந்தா அம்மா அந்த வேலைய செஞ்சிருக்கும்."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பவும் யாராவது உங்ககிட்ட அப்படிக் கேக்கறாங்களா?"

"கேப்பாங்க. மாசத்துல ஒருத்தராவது."

"என்ன சொல்வீங்க?"

"நான் என்னம்மா சொல்றது? நான் டாக்டரா? எனக்கு ரிப்போர்ட்டே படிக்கத் தெரியாது."

"அப்ப சரின்னு சொல்லாதீங்க சித்தி."

கோபமாகச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுத்தாள்.

சரி என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாய் முந்திக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

போன வாரம் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கணவரோடு வந்தார். என் வயது இருக்கும். அங்கி மாற்றும்போது என் கையைப் பிடித்தார். "எதா இருந்தாலும் எனக்குச் சொல்லுவீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "தெரிஞ்சவரு டாக்டர். ரிப்போர்ட் வந்ததும் உங்க வீட்டுக்காரரத்தான் தனியா கூப்புடுவாங்க. நீங்க முன்னாடியே எந்திரிச்சுப் போயி, எனக்கு நேரா சொல்லுங்கன்னு கேளுங்க. நான் உங்கள இங்க உக்கார வெச்சுப் பேச்சுக் குடுக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்படிப் பேசுகிறவளை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. முதலாளி காதுக்குப் போனால் மறுபடி துடைப்பம்தான்.

ஸ்கேன் முடிந்து முக்கால் மணி நேரம் அவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர் அறைக் கதவு திறந்ததும் கணவர் எழுந்தார். "போயி ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்க," என்று அவரை வாசலுக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மா தானே உள்ளே போனார்.

என்ன கேட்டார், என்ன சொன்னார்கள், எனக்குத் தெரியாது. டெக்னீஷியன் சாரின் முகத்தையும் அன்றைக்கு நான் பார்க்கவில்லை. வெளியே வந்தவர், கணவர் நீட்டிய பாட்டிலை வாங்கி நின்றபடியே பாதி குடித்தார். புடவை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார் கணவர்.

"வண்டிய எடுங்க," என்றார் அந்த அம்மா. "வீட்டுக்கு அப்பறம் போலாம். அதுக்கு முன்னாடி ஒரு எடத்துக்குப் போணும்."